பட்டையில் ஓடிய பொய்

கொழுந்தனின் கைபேசியில், பார்க்கக் கூடாத ஒன்றைச் செய்திக்காரி பார்த்துவிட்ட இடத்தில் போன வாரம் நின்றோம். ‘நாளைக்குள் உங்கள் கணக்கில் பணம் செலுத்தாவிட்டால்...’ என்று தொடங்கிய அந்தக் குறுஞ்செய்தியை அவள் முழுதாகப் படிப்பதற்குள் அவன் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான். படித்த பாதியே போதும். பையன் பங்குச்சந்தையில் அளவுக்கு மீறி ஆடிக் கழுத்தளவு மாட்டியிருக்கிறான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முடிவெடுக்கும் முன் பொழுது விடிந்துவிட்டது. விடிந்த பொழுதும் லேசுப்பட்டதாக இல்லை.

ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது பெரிய நாடு ஒன்று இறக்குமதிக்கான வரியைத் தாறுமாறாக ஏற்றியிருந்தது. பதிலுக்கு நானும் ஏற்றுவேன் என்று இன்னொரு பெரிய நாடு மீசையை முறுக்கியது. கிழக்கே முதலில் கண் விழிக்கும் சந்தைகள் எல்லாம் விழித்த கையோடு விழுந்தன. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன், “துறைமுகத்துக்கு வெளியவே நிக்கிறோம். சரக்கை எறக்குறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதான்னு சரக்குக்காரனுக்கே தெரியல” என்று குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான்.

“என்னம்மா இது, எல்லாம் செவப்பா இருக்கு?” என்றார் மாமனார், டிவி முன்னால் ரிமோட்டோடு உட்கார்ந்தபடி.

செய்திக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தவரே அவர்தான். வணிகச் செய்தி டிவி ஒன்றில், திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஓடும் வரிகளை எழுதுவது அவள் வேலை. படித்து முடிப்பதற்குள் ஓடி மறையும் எழுத்துக்குச் சம்பளமா என்று ஆரம்பத்தில் கேலி செய்தவர், இப்போது அந்தப் பட்டையைத் தவிர டிவியில் வேறெதையும் பார்ப்பதில்லை. காரணம் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுசில் பாதியைக் குழிக்குள் கழித்துவிட்டு அவர் வாங்கி வந்த ஓய்வுப் பணம், இந்த மருமகள் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் சொன்ன யோசனையின்பேரில் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் கிடந்தது. வயதான காலத்தில் இரண்டு பிள்ளைகளின் கையையும் பார்க்காமல் வாழ்வதற்கு அவருக்கும் மாமியாருக்கும் இருந்தது அது ஒன்றுதான்.

“நம்ம சந்தை இன்னும் தெறக்கவே இல்ல மாமா. இது வெளிநாட்டு நிலவரம்.”

“அங்க அடிச்சா இங்க வலிக்காதா?”

“வலிக்கும். வலிச்சாலும் உக்காந்திருக்கணும். லிஃப்ட் நடுவுல ஆடி நின்னா, உள்ள இருக்கறவன் கதவைப் பிடிச்சு நெம்பக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு?”

“லிஃப்ட்டுக்குக் கீழ ஸ்பிரிங் இருக்கும்மா. இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

கேள்வி நியாயமானதுதான். “கம்பெனிங்க இருக்கு மாமா. நாளைக்கும் சோப்பு விப்பாங்க, மருந்து விப்பாங்க” என்றாள். அவர் முகம் தெளியவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் கொழுந்தன். கைபேசிக் கடையில் விற்பனையாளன். வீட்டில் அவனுக்கு டிப்ஸ் என்று பெயர். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று காலையும் மாலையும் யாரோ சொன்னதை எல்லாருக்கும் இலவசமாக வழங்குவதால் வந்த பெயர்.

“அப்பா, எங்க குரூப்புல காலையிலயே போட்டுட்டாங்க. இன்னைக்கு விழப்போறது வெறும் ட்ரெய்லராம். மொத்தத்தையும் வித்துட்டு வெள்ளி வாங்கிப் போடணுமாம். காசு வரட்டும், நானே வாங்கித் தர்றேன். ஆனா மதியத்துக்குள்ள விக்கக் குடுத்தாதான் இன்னைக்கு வெலை கிடைக்கும்.”

“யாருடா சொன்னது?”

“எங்க குரு.”

“அந்த ஆளைப் பாத்திருக்கியா?” என்று கேட்டாள் செய்திக்காரி.

“வாய்ஸ் கேட்டிருக்கேன் அண்ணி.”

சமையலறை வாசலில் துணியோடு நின்ற மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார். மாமியார் வாயை மூடிக்கொண்டு, மருமகளின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

மாமனார் ஒரு முடிவுக்கு வந்தார். “இவன் வில்லுங்கிறான், நீ வேணாங்கிற. வீட்டுல சமாதானத்துக்கு ஆயிரம் சொல்லலாம்மா. ஊருக்கே எழுதும்போது நீ பொய் எழுத மாட்ட. இன்னைக்கு உன் பட்டையைப் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுல என்ன ஓடுதோ அதுபடி பண்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ சரிவுகளை எழுதியிருக்கிறாள். விற்றுவிடுங்கள் என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

“சரி மாமா. விக்கச் சொல்லிப் பட்டையில ஓடுனா வித்துடுங்க” என்றாள்.

அந்த வாயைக் கொஞ்சம் சும்மா வைத்திருந்தால் இந்த அத்தியாயமே வந்திருக்காது.

மாடிப்படியில் டிப்ஸ் அவளை மறித்தான். “ஏன் அண்ணி எனக்கு எதிரா நிக்கிறீங்க?”

“உன் பள்ளத்தை மூட, அவங்க வயசான காலத்துக் காசுதான் உனக்கு மண்ணா கெடைச்சுதா?”

அவன் முகம் வெளுத்தது. “கொஞ்ச நாள்ல எடுத்துத் திருப்பி வெச்சிருவேன் அண்ணி. சத்தியமா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

“நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லப் போற. இன்னைக்கே.”

பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்க்கிற நாளில்லை என்று படியிறங்கினாள்.

அலுவலக வாசலிலேயே கைபேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். சந்தை நடக்கும் நேரத்தில், செய்தி திரைக்கு வருமுன் வெளியே கசிந்து யாரும் அதில் காசு பார்த்துவிடக் கூடாதென்று அப்படி ஒரு விதி. மாலை வரை அவள் உலகத்துக்கே சேதி சொல்லலாம். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

தினமும் சந்தை திறக்குமுன் இரண்டு கட்டு வரிகளை எழுதி வைத்துவிடுவது அவள் பழக்கம். ஒன்றுக்கு ‘ஏறினால்’ என்று பெயர், மற்றதற்கு ‘இறங்கினால்’. இன்றைக்கு முதல் கட்டைத் தொடவே இல்லை. மணி அடித்தது, சந்தை திறந்தது, சடசடவென்று சரிந்தது. அவள் தன் வரியை ஓட்டினாள்: ‘வரி மோதலால் சந்தைகள் கடும் சரிவு. நீண்டகால முதலீட்டாளர்கள் அவசர முடிவுகளைத் தவிர்க்க ஆலோசகர்கள் அறிவுரை.’

“என்ன இது, ஆறுதல் கடிதமா?”

பின்னால் சீஃப் நின்றார். செய்தி ஆசிரியர். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். கோபம் வந்தால் அதைக் கடித்து நொறுக்குவார். இப்போது நொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் பாரு.” சுவரில் போட்டி சானல் ஓடியது. முழுத் திரையில் கிராஃபிக்ஸ் கப்பல் ஒன்று மூழ்கிக்கொண்டிருந்தது. “அவன் கப்பலையே கவுத்துட்டான். நம்ம கப்பல் எங்க?”

“நம்ம கப்பல் நிக்குது சார். என் வீட்டுக்காரர் அதுலதான் இருக்காரு.”

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். சீஃப் சிரிக்கவில்லை.

“எழுது. ‘விற்று வெளியேறுங்கள், நிபுணர்கள் எச்சரிக்கை.’”

“எந்த நிபுணர் சார்?”

“இதோ, லைவ்ல பேசிட்டிருக்காரே.”

வீடியோ இணைப்பில் முதலீட்டு ஆலோசகர் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். “அவரு அப்படிச் சொல்லல சார். இந்த வருஷமே பணம் தேவைப்படுறவங்க கொஞ்சம் வெளிய எடுத்து வெச்சுக்கலாம், மத்தவங்க கைவைக்க வேணாம்னாரு.”

“அவ்வளவு நீளம் பட்டையில நிக்காது.”

“அப்ப ரெண்டு வரியா ஓட்டுறேன்.”

“உனக்கு விளக்கம் சொல்லிக்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல. எழுது.”

“எழுத மாட்டேன் சார்.”

அவளுக்கே தன் குரல் கேட்டு ஆச்சரியம்தான். சீஃப் அவள் நாற்காலியை ஒரு கையால் தள்ளிவிட்டு, குனிந்து, இரண்டு விரலால் தானே தட்டினார். சிவப்புப் பட்டையில் பொய் ஓடியது.

“இப்படித்தான் எழுதணும். கத்துக்க” என்று மிட்டாய்த் தாளை அவள் மேசையில் போட்டுவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போனார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் ரிமோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சரி மாமா, வித்துடுங்க என்று சொன்னது யார்? அவள்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? டிப்ஸ்தான். கைபேசி பெட்டியில். மதியத்துக்கு அதிக நேரமில்லை. ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்து பேசலாம். பேசினால் தன் வீடு பிழைக்கும். இந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற வீடுகள்? அங்கேயும் ஓய்வுப் பணத்தோடு யாராவது உட்கார்ந்திருப்பார்களே.

பயம் போய்க் கோபம் வந்தது. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

‘திருத்தம்: “விற்று வெளியேறுங்கள்” என்று சற்று முன் இங்கே ஓடியதை எந்த நிபுணரும் சொல்லவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அந்த நேரம் ஆலோசகரின் வீடியோ உறைந்து நின்றது. இடையில் பேச்சு நின்றால் சும்மா இருக்காமல் பட்டையைப் படிக்க வேண்டும் என்பது சீஃப் போட்ட சட்டம். செய்தி வாசிக்கும் பெண் சட்டத்தை மதிப்பவள். “திருத்தம்” என்று தொடங்கி, வருந்துகிறோம் வரை கணீரென்று படித்து முடித்தாள். வீடியோ உயிர் பெற்றது. “ரொம்ப நன்றிங்க” என்றார் ஆலோசகர். “நானே கேக்கணும்னு இருந்தேன். நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

கண்ணாடி அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

“யாரைக் கேட்டு ஓட்டுன?”

“தப்பு நடந்தா உடனே திருத்தம் ஓட்டணும்னு சுவத்துல நீங்கதான் ஒட்டி வெச்சிருக்கீங்க சார்.”

“அது யார் பேரையாவது தப்பா போட்டா!”

“பேரைத் தப்பா போட்டதுக்கே திருத்தம்னா, இதுக்கு நாள் பூரா ஓட்டணும் சார்.”

“அடையாள அட்டையைக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு.”

கழற்றினாள். மிட்டாய்த் தாளின் மேலேயே வைத்தாள். “நாளைக்கு வருவேன் சார். அட்டை குடுத்தா உள்ள வருவேன். குடுக்கலன்னா வாசல்ல நின்னு கேப்பேன், எந்த நிபுணர் சொன்னாருன்னு.”

வெளியே வந்து பெட்டியைத் திறந்தாள். மாமனாரின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. கொழுந்தன் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமியாருக்கென்று ஒரு கைபேசி வாங்கிக் கொடுக்க இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை என்பது பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வேலை போன கவலைகூட வழியில் எட்டிப் பார்த்தது. அப்புறம் வா என்று அதை அனுப்பிவைத்தாள். மதியம் கடந்துவிட்டது. விற்றிருந்தால் விற்றதுதான். நாளைக்கே சந்தை ஏறினாலும், விழுந்த விலைக்குப் போனது போனதுதான். கைக்கு வந்த காசோ நேராக டிப்ஸின் பள்ளத்துக்குள் போகும். மறுபடி மறுபடி அடித்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோதும் கைபேசி காதில்தான் இருந்தது. மணிச் சத்தம் உள்ளிருந்து கேட்டது. கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு மாமியார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மணி அவருக்கு அடியிலிருந்து அடித்தது.

“யாரும் எடுக்கப்போறதில்ல!” என்றார் மாமியார், எதிரே நின்ற கணவரைப் பார்த்து.

“அத்தை, நான்தான் அடிக்கிறேன்” என்று அழைப்பை நிறுத்தினாள்.

மாமனார் சுவரோடு நின்றார். டிப்ஸ் தரையில் தலையைப் பிடித்தபடி குந்தியிருந்தான். டிவி அணைந்து கிடந்தது.

“வித்துட்டீங்களா மாமா?”

“எங்க விக்க விட்டா இவ? பட்டையில ஓடுச்சும்மா, விக்கச் சொல்லி. நீதான் எழுதியிருக்கேன்னு நம்பி, சரிடான்னேன். விக்கிறதுக்கு இவன் எல்லாத்தையும் தட்டிட்டான். போனுக்கு வர்ற ஓ.டி.பி. நம்பர் மட்டும்தான் பாக்கி. அது வர்றதுக்குள்ள என் போனைத் தூக்கி அடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா.”

“ரெண்டு மூணு தடவை வந்துச்சு” என்றார் மாமியார். “எனக்குக் கீழயே வந்து கீழயே போயிடுச்சு.”

செய்திக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “அது நான் எழுதல மாமா. சீஃப் எழுதினாரு. உடனே திருத்தம் ஓட்டினேனே, பாக்கலையா? வாசிக்கிற பொண்ணு சத்தமாகூடப் படிச்சா.”

“எதைப் பாக்குறது? போனை எடுத்த கையோட டிவியையும் அணைச்சுட்டா.”

ஆக, வேலையைப் பணயம் வைத்து அவள் ஓட்டிய வரியை ஊர் பார்த்தது, அவள் வீடு பார்க்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க, அது நான் எழுதினது இல்லன்னு?”

“நான் எங்க கண்டுபிடிச்சேன்? நீதான் எழுதியிருப்பன்னு நானும் நெனைச்சேன்.”

“பின்ன ஏன் தடுத்தீங்க?”

மாமியார் நாற்காலியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “குழந்தைங்க காப்பகத்துல ஊரான் பிள்ளைங்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. வேலையை விட்டப்ப அவங்க குடுத்த காசை என்ன பண்ணீங்க? இவர் பேர்ல இருக்குற அதே ஃபண்டுல சேத்துப் போட்டீங்க. பாதி என்னுது. காலையில இருந்து இவர் டிவியைக் கேட்டாரு. மருமகளைக் கேட்டாரு. இந்தப் பயலைக் கேட்டாரு. முகம் தெரியாத எவனோ குருவாம், அவனைக்கூடக் கேட்டாச்சு. என்னை யாராவது கேட்டீங்களா?”

செய்திக்காரிக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தக் காசை அங்கே போடச் சொன்னவள் அவள்தான். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, படம் வரைந்து, விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அப்போது அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. நாடு முழுக்க யார் பணம் எங்கே போகிறது என்று எழுதுகிறவள், இதை விட்டுவிட்டாளே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“அம்மா...” டிப்ஸ் நிமிராமலே பேசினான். “வெள்ளி வாங்குறதுக்கு இல்லம்மா. நான் ட்ரேடிங்ல விட்டுட்டேன். நெறைய. அதுக்குத்தான் கேட்டேன்.”

மாமனாரின் கை ஓங்கியது. “தொடாதீங்க” என்றார் மாமியார். “அவனே சொல்லிட்டான்ல. போடா, உன் சம்பளத்துல கட்டு. வண்டியை வித்துக் கட்டு. இதுல உனக்கு ஒத்தைக் காசு கெடையாது.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “என் பாதியைப் பிரிச்சு என் பேருக்கு மாத்துங்க.”

“எதுக்கு? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?”

“குறை வெச்சீங்கன்னு சொன்னேனா? கேக்கலன்னு சொன்னேன்.”

“அத்தை, இப்ப எடுத்தா நஷ்டத்துல...” என்று தொடங்கினாள் செய்திக்காரி.

“நீயும் ஆரம்பிச்சுட்டியா? விக்கச் சொல்லல. பிரிக்கச் சொல்றேன். விக்கிறதா, வெச்சிருக்கிறதா, அதை நான் பாத்துக்குறேன். எனக்கு ஒரு யோசனை இருக்கு. இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல.”

மாமனாரும் டிப்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு யோசனையா என்ற திகைப்பு இரண்டு முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. செய்திக்காரி பையைக் கீழே வைத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“உங்களுக்கு என்ன வேணும் அத்தை?”

மாமியார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“முதல்ல ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க” என்றார். “நான் சொல்லப்போறதை நின்னுக்கிட்டுக் கேக்க உங்களால முடியாது.”